மூன்று மோட்டார், ஒரே கணம்: கொத்து ராக்கெட்டின் கணக்கு

மாதிரி ராக்கெட் கட்டுகிறவர்கள் மத்தியில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். பெரிய மோட்டார் ஒன்று கடையிலேயே கிடைக்கும்போது, எதற்காக மூன்று சின்ன மோட்டார்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்ட வேண்டும்? (மோட்டார் என்றால் இங்கே மின்மோட்டார் இல்லை, எரிமருந்து அடைத்த சின்னக் காகிதக் குழாய்.) சி6 என்ற சின்ன ரக மோட்டார் மூன்றின் மொத்தச் சக்தி, அதைவிடப் பெரிய இ ரக மோட்டார் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஒரு மோட்டார் என்றால் அதை மின்சாரத்தால் பற்றவைக்கும் இக்னைட்டர் ஒன்று, ஒரு ஜோடி ஒயர், தவறு நடக்க ஒரே இடம். மூன்று என்றால் எல்லாமே மூன்று மடங்கு. நியாயமான கேள்விதான்.

இதற்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு பிறந்தது அமெரிக்காவில். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும் அவருடைய சகோதரர் ராபர்ட்டும் 1954இல் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதை நாடெங்கும் கொண்டுபோனார். 1957இல் ஸ்புட்னிக் பறந்த கையோடு, பள்ளிப் பையன்கள் இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்துக் கை கால்களை இழந்துகொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலையில் செய்த, காகிதக் கூடு போட்ட மோட்டாரை வாங்கித்தான் பொருத்த வேண்டும் என்ற அடிப்படை விதி அந்த விபத்துகளுக்கு எதிராகத்தான் வந்தது. 1958இல் வெர்ன் எஸ்டஸ், மேபல் என்று பெயர் வைத்த ஒரு இயந்திரத்தால் அத்தகைய மோட்டார்களை வரிசையாக அழுத்தித் தள்ள ஆரம்பித்தார். அன்று எளிதாகக் கிடைத்தவை சின்ன மோட்டார்கள்தான். கூடுதல் எடையைத் தூக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுவதே வழி. எஸ்டஸ் நிறுவனத்தின் 1960களின் ரேஞ்சர் ராக்கெட் அப்படி மூன்று மோட்டார்களில் பறந்தது.

இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கட்டுகிறார்கள். மூன்று சுடரும் ஒன்றாக இறங்கும் அந்தக் கனத்த புகைக்கு ஓர் அழகு இருக்கிறது, மறுக்க முடியாது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கொத்து மோட்டார் ராக்கெட்டில் சக்தியைக் கூட்டுவது சுலபமான பகுதி. மூன்றில் ஒன்று பற்றாமல் போனால் என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பதிலுக்கு ஏற்றபடி குழாய், எடை, ஒயர், பாராசூட் திறக்கும்வரை உள்ள தாமதம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான வடிவமைப்பு. பாகங்கள் தயாராக வரும் கிட் வாங்கிக் கட்டும்போது அந்த யோசனையை வேறு யாரோ நமக்காகச் செய்துவிடுகிறார்கள். வெறுங்கையில் தொடங்கிக் கட்டும்போது அது முழுக்க நம் தலையில் விழுகிறது.

இது சின்ன ராக்கெட்டின் பிரச்சினை மட்டும் இல்லை. சோவியத்தின் என்1 நிலவு ராக்கெட்டில் முதல் கட்டத்துக்கு மட்டும் 30 எஞ்சின்கள். ஒன்று செயலிழந்தால் ராக்கெட் ஒரு பக்கம் சாயும் என்பதால், அதற்கு நேர் எதிரே இருக்கும் எஞ்சினையும் அணைத்துவிடும் கோர்ட் என்ற கட்டுப்பாட்டு அமைப்பை வைத்தார்கள். 1969 ஜூலை 3 அன்று ஓர் எஞ்சினின் பம்பு வெடித்ததும் அந்த அமைப்பு, ஓர் எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்தது; ராக்கெட் ஏவுதளத்தின் மேலேயே விழுந்து தளத்தை அழித்தது. நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. மாறாக, 2012 அக்டோபரில் ஃபால்கன் 9 ராக்கெட் தன் 9 எஞ்சின்களில் ஒன்றை நடுவானில் இழந்தும், மற்ற எட்டையும் கூடுதல் நேரம் எரித்து டிராகன் கலத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் பாதையில் சேர்த்தது. கூடவே போன சிறு செயற்கைக்கோளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

பெரிய ராக்கெட்டுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. திரவ எஞ்சின் எல்லாம் முழு வேகத்துக்கு வந்தனவா என்று பார்த்துவிட்டுத்தான் தளத்தின் கவ்விகளை விடுவிக்கிறார்கள். சரியில்லை என்றால் அணைத்துவிடலாம். மேசைமேல் கட்டிய ராக்கெட்டில் கவ்வியும் கிடையாது, அணைக்கும் வால்வும் கிடையாது. முதல் மோட்டார் பற்றியதும் அது கிளம்பிவிடும், மற்றவை பற்றினவா இல்லையா என்று காத்திருக்காது.

குழாய்க்குள் மூன்று வட்டம்

ஓர் உதாரணத்தோடு போவோம். மோட்டாரின் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. சி6-5 என்றால், சி என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கின், அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவின், வரம்பு: 5 முதல் 10 நியூட்டன்-விநாடி வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் இது இரட்டிப்பாகும். டி என்றால் 20 வரை, இ என்றால் 40 வரை. 6 என்பது பெயரளவில் சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும்வரை உள்ள தாமதம், விநாடியில். எஸ்டஸ் சி6 மோட்டார் உண்மையில் தருவது ஏறத்தாழ 8.8 நியூட்டன்-விநாடி. தொடக்கத்தில் சுமார் 14 நியூட்டன்வரை எகிறி, பிறகு 4.7 அளவில் நிலைத்து, 1.9 விநாடிக்குள் எரிந்து முடியும். இந்தத் தொடக்க எகிறல் நமக்கு ரொம்ப முக்கியம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மோட்டார் 18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்டது. அது உட்காரும் காகிதக் குழாய்க்கு பிடி-20 என்று பெயர், வெளிவிட்டம் 18.7 மி.மீ. மூன்று வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி வைத்து, மூன்றையும் சுற்றி ஒரு பெரிய வட்டம் வரைந்தால், அதன் விட்டம் சின்ன வட்டத்தைப் போல 2.155 மடங்கு. 18.7ஐ அதால் பெருக்கினால் 40.3 மி.மீ. பிடி-60 என்ற உடல் குழாயின் உள்விட்டம் 40.5 மி.மீ. பாருங்கள், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் மூன்றும் உள்ளே போய் உட்கார்கின்றன. மூன்று மோட்டார் கொத்து கட்டுகிறவர்கள் பலரும் பிடி-60ஐத் தேடிப் போவதற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம். நான்கு வேண்டுமென்றால் 2.414 மடங்கு, அதாவது 45 மி.மீ. தேவை, பிடி-60 போதாது. ஏழு வேண்டுமென்றால் 3 மடங்கு.

இப்போது முக்கியமான கணக்கு. மூன்று மோட்டார்களின் மையங்களும் ராக்கெட்டின் அச்சிலிருந்து 10.8 மி.மீ. தள்ளி இருக்கின்றன. மூன்றும் எரியும்போது ஒன்றின் திருப்புவிசையை மற்ற இரண்டும் சரிக்கட்டிவிடும். ஒன்று பற்றவில்லை என்றால், மீதி இரண்டின் கூட்டு உந்துவிசை அச்சிலிருந்து 5.4 மி.மீ. தள்ளிச் செயல்படும். இரண்டு பற்றவில்லை என்றால், எரியும் ஒன்று 10.8 மி.மீ. தள்ளி. பெருக்கிப் பார்த்தால் இரண்டு நிலையிலும் திருப்புவிசை ஒன்றேதான்: நிலைத்த எரிதலில் சுமார் 0.05 நியூட்டன்-மீட்டர், தொடக்க எகிறலில் அதைப்போல மூன்று மடங்கு. முதலில் பார்க்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மூன்று திருப்புவிசைகளின் கூட்டல் சுழி என்றால், ஒன்று இல்லாத நிலையும் ஒன்று மட்டும் உள்ள நிலையும் அளவில் சமமாக, திசையில் எதிராகத்தான் இருக்க முடியும். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், ஒன்று மட்டும் எரியும்போது அதே திருப்பலைத் தாங்க ராக்கெட்டுக்கு வேகம் பாதிகூட இருக்காது. ராக்கெட்டை நேராக வைத்திருக்கும் வால் துடுப்புகள் வேலை செய்வது காற்றின் வேகத்தால். மெதுவாகப் போகும் ராக்கெட்டைத் துடுப்பு நேராக்காது.

இதிலிருந்து முதல் விதி தானாகவே வருகிறது: மோட்டார்களை அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வை. உடலுக்கு வெளியே பக்கவாட்டில் மோட்டார் தொங்கவிடும் வடிவங்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 40 மி.மீ. தள்ளி இருக்கும் மோட்டார் ஒன்று பற்றாவிட்டால் திருப்புவிசை ஏறத்தாழ நான்கு மடங்கு. அப்படித்தான் வேண்டும் என்பவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய டி12 மோட்டார், இரு பக்கமும் சின்னவை என்ற ஏற்பாடு நல்லது. நடு மோட்டார் மட்டும் பற்றினாலே ராக்கெட் பத்திரமாகப் போய்த் திரும்பும்படி எடையை வைத்துக்கொள்ள வேண்டும். பக்க மோட்டார்களைச் சற்றே சாய்த்து, அவற்றின் உந்துவிசைக் கோடு ராக்கெட்டின் ஈர்ப்பு மையம் வழியே போகும்படி செய்கிறவர்களும் உண்டு. சாய்வு சிறிதாக இருக்கும்வரை உந்துவிசையில் இழப்பு அநேகமாக ஒன்றுமில்லை.

வாலில் சேரும் எடை

ஒரு ராக்கெட் நேராகப் பறக்க, அதன் எடை சமனாகும் புள்ளியான ஈர்ப்பு மையம், காற்றின் பக்கவிசை சமனாகும் புள்ளியான அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஓர் உடல் விட்டம் அளவு முன்னால் இருக்க வேண்டும். அழுத்த மையத்தைக் கையால் கணக்கிடும் வழியை 1966இல் ஜேம்ஸ் பேரோமன் எளிமையாக்கித் தந்தார். இன்றுவரை பெரும்பாலான மென்பொருள்களுக்கு அதுதான் அடிப்படை. சாம்போ நிஸ்கனன் ஹெல்சிங்கியில் 2009இல் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதிய ஓப்பன்ராக்கெட் என்ற மென்பொருள் இலவசம், கொத்து மோட்டார்களையும் கணக்கிடும். வெட்டத் தொடங்கும் முன் அதில் ஒரு முறையாவது பறக்கவிட்டுப் பார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள்.

கொத்தின் சிக்கல், மோட்டார் எடை முழுவதும் வாலில் சேர்வது. நம் உதாரண ராக்கெட் 75 செ.மீ. நீளம், மோட்டார் இல்லாமல் 170 கிராம், ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து 38 செ.மீ. என்று வையுங்கள். 24 கிராம் வீதம் மூன்று மோட்டார்களைச் சொருகியதும் ஈர்ப்பு மையம் 48 செ.மீ.க்கு நகர்ந்துவிடும். 10 செ.மீ. பின்வாங்கல். அப்போது அழுத்த மையம் 52 செ.மீ.க்குப் பின்னால் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் துடுப்பைப் பெரிதாக்கலாம், அல்லது மூக்கில் எடை சேர்க்கலாம். 20 கிராம் களிமண்ணை மூக்குக்குள் அடைத்தால் ஈர்ப்பு மையம் 3 செ.மீ.க்கு மேல் முன்னே வரும். ஆனால் அந்த 20 கிராமையும் மோட்டார்தானே தூக்க வேண்டும்?

மோட்டாரோடு 242 கிராம் என்றால் எடை 2.4 நியூட்டன். மோட்டாருக்கு 4.7 நியூட்டன் வீதம், மூன்றும் எரிந்தால் சராசரி உந்துவிசை எடையைப் போல 6 மடங்கு, இரண்டு எரிந்தால் 4, ஒன்று மட்டும் என்றால் 2. பொதுவாக 5 மடங்கு வேண்டும் என்பார்கள். இங்கேதான் தொடக்க எகிறல் காப்பாற்றுகிறது: அந்த முதல் அரை விநாடிக்குள் இரண்டு மோட்டார்களே 12 மடங்குவரை தள்ளும். கிளம்பும்போது ராக்கெட்டை நேராக வழிநடத்தும் ஏவுகம்பியை விட்டு வெளியேறும்போது போதிய வேகம் இருக்கும். அதனால்தான் கொத்து ராக்கெட்டை எடை குறைவாகக் கட்டுவதை நான் வலியுறுத்துகிறேன். மூன்று மோட்டார் இருக்கிறதே என்று கனமான பிளைவுட் துடுப்பும் தடிமனான எப்பாக்ஸிப் பூச்சும் போட்டால், ஒன்று பற்றாத நாளுக்காக வைத்திருந்த சேமிப்பை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறோம்.

தாமதத்தைத் தோல்விக்காகத் தேர்ந்தெடுப்பது

கொத்து ராக்கெட் வடிவமைப்பில் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மூன்றும் சரியாக எரிந்தால் நம் ராக்கெட் எரிந்து முடிந்த பிறகு ஐந்தரை விநாடி அளவுக்கு மேலே மிதந்து, ஏறத்தாழ 250 முதல் 300 மீட்டர் உயரத்தில் நிற்கும். அப்படியானால் 5 விநாடி தாமதம் கொண்ட சி6-5தான் பொருத்தம் என்று தோன்றும். மென்பொருளும் அதையே சொல்லும்.

ஒன்று மட்டும் பற்றினால்? ராக்கெட் 45 மீட்டர் அளவுக்குத்தான் ஏறும். எரிந்து முடிந்து இரண்டு விநாடிக்குள் உச்சியைத் தொட்டுத் திரும்பிவிடும். மீதி மூன்று விநாடியில் ஒரு பொருள் கீழே விழும் தூரம் 44 மீட்டர். அதாவது பாராசூட் மருந்து வெடிக்கும் நேரமும் மூக்கு தரையில் குத்தும் நேரமும் ஏறத்தாழ ஒன்று. பற்றாத இரண்டு மோட்டார்களோடு, முழு எடையோடு, கூர்மையான மூக்கு முன்னால் வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சி6-3 போட்டால் கணக்கு மாறுகிறது. மூன்றும் பற்றினால் பாராசூட் கொஞ்சம் சீக்கிரம், ராக்கெட் இன்னும் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஏறும்போது திறக்கும். கயிறு உறுதியாக இருந்தால் தாங்கும். இரண்டு பற்றினாலும் அப்படியே. ஒன்று மட்டும் பற்றினால் உச்சியைத் தாண்டி ஒரு விநாடியில் திறக்கும். போதுமான உயரம் மிச்சமிருக்கும். ஆகவே முதல் பறத்தலுக்கு 3 விநாடிதான் என் தேர்வு. நல்ல பறத்தலில் 30, 40 மீட்டர் உயரம் குறைந்தால் குறையட்டும்.

தாமதம் ஏதும் இல்லாத, பெயரின் முடிவில் 0 கொண்ட மோட்டார்களைக் கொத்தில் போடக்கூடாது. அவை அடுக்கு ராக்கெட்டின் கீழ்க் கட்டத்துக்கானவை. மருந்து எரிந்து முடிந்ததும் மேல்பக்கம் தீ பீறிடும். ராக்கெட் உச்ச வேகத்தில் இருக்கும் அந்தக் கணத்தில் பாராசூட் வெளியே வந்தால் எதுவும் மிஞ்சாது.

ஓட்டைகளை அடைப்பது

கட்டும் வேலைக்கு வருவோம். மூன்று மோட்டார் குழாய்களையும் தட்டையான மேசைமேல் வைத்து, முனைகள் சமமாக இருக்கும்படி மரவேலைப் பசையால் ஒட்ட வேண்டும். காகிதத்துக்கு எப்பாக்ஸியைவிட மரப்பசையே நல்லது. நாருக்குள் ஊறிப் பிடிக்கும், எடையும் குறைவு. ஆனால் கொத்தை உடல் குழாய்க்குள் தள்ளும்போது அந்தப் பசை பாதி வழியிலேயே கவ்விக்கொள்ளும் அபாயம் உண்டு. அந்த ஒரு இடத்தில் மட்டும் மெதுவாக இறுகும் எப்பாக்ஸி பயன்படுத்துவது உத்தமம்.

உள்ளே போனதும் நான்கு இடைவெளிகள் தெரியும்: மூன்று குழாய்களுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணம், ஓரங்களில் மூன்று பெரிய பள்ளங்கள். இவற்றைக் கட்டாயம் அடைக்க வேண்டும். பாராசூட்டைத் தள்ளுவது வாயுவின் அழுத்தம்தான். இடைவெளி திறந்திருந்தால் வாயு மூக்குப் பக்கம் போகாமல் வால் வழியே ஓடிவிடும். மூக்கு கழலாது, ராக்கெட் நேரே மண்ணில் இறங்கும். டிஷ்யூ காகிதத்தை எப்பாக்ஸியில் நனைத்துத் திணித்தால் போதும். விளக்கை மறுமுனையில் பிடித்து, வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்த ஓரப் பள்ளங்களில் ஒரு நன்மையும் இருக்கிறது. மூன்று துடுப்புகளையும் பள்ளங்களுக்கு நேராக வைத்து, உடல் குழாயில் பிளவு வெட்டி உள்ளே நுழைத்தால், ஒவ்வொரு துடுப்பின் வேரும் இரண்டு மோட்டார் குழாய்களுக்கு நடுவே போய் இறுகும். பால்சா துடுப்புக்கு இதைவிட உறுதியான பிடி கிடைக்காது. மர நாரின் ஓட்டம் துடுப்பின் முன்விளிம்போடு போகும்படி வெட்டுவதை மறக்கக்கூடாது.

மோட்டார்களைப் பிடித்து நிறுத்துவதும் கவனிக்க வேண்டியது. ஒரு மோட்டாரின் தள்ளுமருந்து வெடிக்கும்போது அதன் எதிர்விசை மற்றவற்றையும் பின்னால் தள்ளும். நடு முக்கோணத்துக்குள் ஒரு திருகாணி வைத்து, அகலமான வாஷரால் மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளிக்குள் அடங்கும் வட்டம் 2.9 மி.மீ.தான், மெல்லிய ஆணியே போகும். மாஸ்கிங் டேப் சுற்றி இறுக்கமாகச் சொருகுவது பழைய முறை, ஒழுங்காகச் செய்தால் நம்பலாம். மூன்று தள்ளுமருந்துகள் வெடிப்பதால் தீத்தடுப்புத் தாளும் வழக்கத்தைவிட அதிகம் வேண்டும், பாராசூட் கயிற்றின் முதல் பகுதி, சூட்டைத் தாங்கும் கெவ்லர் இழையாக இருக்க வேண்டும். பாராசூட் 45 செ.மீ. விட்டம் இருந்தால் விநாடிக்கு 5 மீட்டர் அளவில் இறங்கும்.

தீ மூட்டுவது

சரி, இப்போது எல்லாவற்றுக்கும் மையமான விஷயம். நம் ராக்கெட் ஒரு மீட்டர் ஏவுகம்பியைக் கடக்க ஏறத்தாழ கால் விநாடி போதும். அதற்குள் மூன்றாவது மோட்டார் பற்றவில்லை என்றால் ஒயர் உருவப்பட்டுவிடும், பிறகு அது பற்றவே பற்றாது. மூன்றும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு விநாடிக்குள் பற்றியாக வேண்டும். சி6 போன்ற கருமருந்து மோட்டார்கள் இதற்கு ஏற்றவை, இக்னைட்டரின் தீ பட்டதும் பற்றிக்கொள்ளும். கூட்டுப்பொருள் மருந்து கொண்ட மோட்டார்கள் உள்ளே அழுத்தம் ஏறி முழு விசைக்கு வர அதிக நேரம் எடுக்கும். அந்த நேரமும் மோட்டாருக்கு மோட்டார் மாறும். முதல் கொத்துக்கு அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. பறக்கும்போதே சில மோட்டார்களைப் பற்றவைக்கும் முறையும் இருக்கிறது. நம் பிஎஸ்எல்வி-எக்ஸ்எல் ராக்கெட்டின் 6 பக்க மோட்டார்களில் 4 தரையிலும், 2 கிளம்பிச் சுமார் 25 விநாடி கழித்தும் பற்றுகின்றன. அதற்கு ராக்கெட்டுக்குள்ளேயே மின்கலமும் மின்னணுக் கட்டுப்பாடும் வேண்டும், அது தனிப் பாடம்.

இக்னைட்டர்களைப் பக்க இணைப்பில்தான் இணைக்க வேண்டும். தொடர் இணைப்பில் முதலில் எரியும் இக்னைட்டர் மின்சுற்றையே அறுத்துவிடும், மற்றவை குளிர்ந்து நிற்கும். பக்க இணைப்பில் ஒன்று அறுந்தாலும் மற்றவற்றுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் அளவு இழுத்தால் மூன்றுக்கும் 6 ஆம்பியர். கடையில் விற்கும் ஏவுபெட்டியின் நான்கு பென்சில் பேட்டரிகளிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. பேட்டரி திணறினால் இக்னைட்டர் மெதுவாகச் சூடாகும். மெதுவாகச் சூடானால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆகவே 12 வோல்ட் கார் பேட்டரியோ அதற்கு இணையானதோ வேண்டும், ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பேட்டரியை ஏவுதளத்தின் பக்கத்திலேயே வைத்து, தூரத்திலிருந்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் இயக்குவது சிறந்த ஏற்பாடு.

பக்க இணைப்பில் ஒரு பொறியும் இருக்கிறது. ஏவுபெட்டியில் எரியும் சின்ன விளக்கு, சுற்று முழுமையாக இருக்கிறது என்று காட்டும். மூன்றில் ஒரே ஒரு இக்னைட்டர் ஒழுங்காக இணைந்திருந்தாலும் அந்த விளக்கு எரியும். அதை நம்பிப் பொத்தானை அழுத்துவது ஆபத்து. ஒவ்வொரு இக்னைட்டரையும் மோட்டாருக்குள் வைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரில் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றின் இரு கால்களும் உள்ளே தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: மின்சாரம் முழுவதும் அந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடும், மற்ற இரண்டும் பட்டினி கிடக்கும்.

இக்னைட்டரின் முனை மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் செருகியை அழுத்தும்போது முனை ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினாலும் தீப்பொறி வீண். செருகியபின் கால்களை லேசாக இழுத்துப் பார்த்து, நகர்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அப்புறம், ஒயரை இக்னைட்டரின் கால்களில் மாட்டும் குரோக்கடைல் கிளிப். ஒவ்வொரு ஏவலுக்கும் அதன் பற்களில் கரியும் உப்பும் படியும். பார்வைக்குக் கவ்வியிருப்பது போல் தெரிந்தாலும் மின்சாரம் போகாது. ஒரு துண்டு உப்புத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கொத்து ராக்கெட் வானத்தில் சாயாமல் போவதற்கு, விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட அந்த உப்புத்தாள்தான் அதிகம் உதவுகிறது என்று சொல்வேன்.

விதிகள்

அமெரிக்க தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி மாதிரி ராக்கெட் கிளம்பும்போது 1,500 கிராமுக்கும், உந்துமருந்து 125 கிராமுக்கும் மேல் போகக்கூடாது. நம் ராக்கெட்டில் மருந்து ஒரு மோட்டாருக்கு 11 கிராம் வீதம் 33 கிராம்தான். டி ரகம்வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்க வேண்டும். மூன்று சி மோட்டார்கள் சேர்ந்தால் இ ரகத்துக்குச் சமம் என்பதால் 30 அடிதான் நியாயம். புதிய வடிவம் என்றால் இன்னும் தள்ளிப் போவதில் நட்டமில்லை. பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால், பூட்டுச் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்த பிறகே நெருங்க வேண்டும்.

இந்தியாவில் இந்த மோட்டார்கள் பொம்மைக் கடையில் கைநீட்டி வாங்கக்கூடியவை அல்ல. வெடிமருந்து என்றாலே 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் குறுக்கே வரும். அதனால் பட்டாசைப் பிரித்து மருந்து சேர்த்து மோட்டார் செய்து பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பையன்கள் விரல்களை இழந்தது அந்த வழியில்தான். கணினியில் வடிவமைப்பதற்கும், காகிதத்திலும் பால்சாவிலும் கட்டிப் பழகுவதற்கும் தடையேதும் இல்லை. பறக்கவிடுவதை அனுமதி பெற்ற குழுவோடு, அவர்கள் மேற்பார்வையில் செய்யுங்கள்.

ராக்கெட் திரும்பி வந்ததும் முதல் வேலை மோட்டார்களைப் பார்ப்பது. ஒன்று பற்றாமல் இருந்தால் அது இன்னும் உயிருள்ள மோட்டார். முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது. அதன் இக்னைட்டர் எங்கே விழுந்தது என்று ஏவுதளத்தடியில் தேடுங்கள். முனை எரிந்து கருகியிருந்தால் மின்சாரம் வந்திருக்கிறது, மருந்தைத் தொடவில்லை என்று பொருள்: செருகியில் தவறு. முனை புதிதாகவே இருந்தால் மின்சாரம் வரவில்லை: கிளிப், ஒயர், பேட்டரி, இந்த மூன்றில் ஒன்று. முனை எரியாமல், கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்திருந்தால் குறுக்குச் சுற்று. எது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த மூன்று மோட்டார்களைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.